சைன் வளைவில் ஒரு முகம்



கணக்கு வகுப்பில் சைன், காஸ் வந்தாலே "இதெல்லாம் எதுக்குப்பா?" என்று கேட்காதவர் நம்மில் யாருமில்லை. அந்தக் கேள்விக்கு ஓர் ஓவிய ஆசிரியர் செய்து காட்டிய பதிலைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அவர் பெயர் சார்லஸ் சூரி. 1922-இல் அமெரிக்காவில் பிறந்தவர். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில் நட்சத்திர ஆட்டக்காரர். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து, அதே பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்து, அங்கேயே ஆசிரியரானார்.

1960-களின் நடுவில், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். மவுஸும் கிடையாது, கலர் மானிட்டரும் கிடையாது. ஓவியத்தைப் புள்ளிகளாக்கி, ஒவ்வொரு புள்ளியின் எக்ஸ், ஒய் மதிப்புகளையும் கார்டில் துளையிட்டு உள்ளே கொடுக்க வேண்டும். கணக்குப் போட்டு வரும் விடையைப் பிளாட்டர் வரையும். 1967-இல் ஒரு மனிதனின் கோட்டோவியத்தை எடுத்து, எக்ஸை அப்படியே விட்டு, ஒய்யில் மட்டும் சைன் மதிப்பைச் சேர்த்தார். முகம் அலையாய் நெளிந்தது. 'சைன் வளைவு மனிதன்' பிறந்தான்! நிரல் எழுதுவதில் ஜேம்ஸ் ஷாஃபர் துணை நின்றார்.

அதே ஆண்டு 'ஹம்மிங்பேர்ட்' படத்துக்காகக் கம்ப்யூட்டர் 30,000-க்கும் மேற்பட்ட படங்களை வரைந்தது. 1968-இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அதை வாங்கியது.

1971-இல் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் ஆராய்ச்சிக் குழு ஒன்றைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கினார். ஓவியம் படித்தவரும் நிரல் எழுதுபவரும் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். 1981-இல் கிரான்ஸ்டன்-சூரி புரொடக்ஷன்ஸ் என்ற அனிமேஷன் கம்பெனியைக் கூட்டாக ஆரம்பித்தார். 1987-இல் அது மூடப்பட்டது. ஆனால் அவர் வளர்த்த கல்விக்கூடம் மூடப்படவில்லை. அங்கே படித்த கிறிஸ் வெட்ஜ்தான் 2002-இல் 'ஐஸ் ஏஜ்' படத்தை இயக்கினார். சூரி 1990-இல் ஓய்வுபெற்று, 2022-இல் 99-வது வயதில் மறைந்தார்.

இப்போ நம்ம கதைக்கு வருவோம். நம்மில் பலர் வட்டிக்குக் கடன் வாங்கி, வெளியே அனிமேஷன் கோர்ஸில் சேருகிறோம். சேரட்டும், தப்பில்லை. ஆனால் ஃபீஸ் கட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "வரையச் சொல்லித் தருவீங்களா, கணக்கு சொல்லித் தருவீங்களா, இல்லை மெனுவை மட்டும் காட்டுவீங்களா?" மெனு அடுத்த வெர்ஷனில் மாறிவிடும். சைன் மாறாது.

சந்தேகமாயிருந்தால் ஒரு கிராஃப் தாள் எடுங்கள். ஒரு முகம் வரைந்து, 40 புள்ளி குறியுங்கள். குறுக்கே 1 செ.மீ. என்றால் 30 டிகிரி. ஒவ்வொரு புள்ளியின் சைன் மதிப்பையும் செ.மீ. கணக்கில் ஒய்யோடு கூட்டுங்கள். 3-ஆவது செ.மீ.யில் உள்ள புள்ளி 1 செ.மீ. மேலே போகும், 6-இல் அசையாது, 9-இல் 1 செ.மீ. கீழே இறங்கும். புள்ளிகளை இணையுங்கள். நான் ஹாஸ்டலில் போட்டுப் பார்த்தேன். கால்குலேட்டரும் பென்சிலும் போதும், ஒரு மணி நேர வேலைதான்.

போட்டுப் பாருங்கள், நண்பர்களே! அப்புறம் "எதுக்குப்பா?" என்று கேட்க மாட்டீர்கள்.