காரைச் சுத்தம் செய்ய எத்தனை வாட் வேண்டும்?

வீவக அடுக்குமாடி நிறுத்துமிடத்தில் காரைச் சுத்தம் செய்ய நினைப்போருக்கு முதல் சிக்கல், அங்கே மின் இணைப்பு இல்லாததுதான். காருக்குள் உள்ள 12 வோல்ட் சாக்கெட் போதுமா?

வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும். அந்த சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 முதல் 15 ஆம்பியர் வரையே தாங்கும். அதாவது 120 முதல் 180 வாட். வீட்டில் பயன்படுத்தும் 1,200 வாட் வேக்குவத்துக்கு 12 வோல்ட்டில் 100 ஆம்பியர் தேவை. இன்வர்ட்டர் வைத்து இயக்கினாலும் ஃபியூஸ் எரிந்துவிடும்.

இன்வர்ட்டரை நேரடியாக கார் பேட்டரியில் இணைக்கலாமா? இன்ஜினைக் கிளப்பச் சில நொடிகள் மட்டும் மிகுந்த மின்னோட்டம் தருவதே அந்த பேட்டரியின் வேலை. அதை வற்றவிட்டால் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து ஆயுள் குறையும். கார் பளபளக்கும், ஆனால் கிளம்பாது.

கையில் எடுத்துச் செல்லும் லித்தியம் மின்பெட்டி பொருத்தமானது. வாங்கும்போது இரண்டு எண்களைப் பாருங்கள். வாட் என்பது எந்தக் கருவியை இயக்கலாம் என்பதைச் சொல்லும்; வாட்-மணி என்பது எவ்வளவு நேரம் இயக்கலாம் என்பதைச் சொல்லும். 500 வாட்-மணி பெட்டியில் இழப்பு போக சுமார் 425 கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். 500 வாட் பாலிஷ் கருவி ஏறக்குறைய 50 நிமிடம் ஓடும்.

பேட்டரியில் இயங்கும் வேக்குவத்துக்கும் இதே கணக்குதான். 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றால் 90 வாட்-மணி. அது 180 வாட் இழுத்தால் அரை மணி நேரம் ஓடும்.

பெட்ரோல் ஜெனரேட்டரை மூடிய நிறுத்துமிடத்தில் ஒருபோதும் இயக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, உயிரைப் பறித்துவிடும்.