எந்த விசாவில் போவது?

அன்புள்ள மருமகளே,

கடக்வாஸ்லாவிலிருந்து நீ அனுப்பிய கடிதம் கிடைத்தது. நாலு பக்கமும் விசாக் கவலைதான். வயலின் எங்கே என்று தேடினேன், கடைசி வரியில் அகப்பட்டது. முதல் குட்டு அதற்கு! ஜெர்மன் இசைக் கல்லூரிகளில் சேர, நுழைவுத் தேர்வில் நேரில் வாசித்துக் காட்ட வேண்டும். இசைக் கோட்பாடு, செவிப்பயிற்சி, பெரும்பாலும் கொஞ்சம் பியானோவும் கேட்பார்கள். டிரினிட்டி எட்டாம் கிரேடு சான்றிதழை நீ லேமினேட் செய்து வைத்திருப்பாய், எனக்குத் தெரியாதா? நல்ல சான்றிதழ்தான். ஆனால் இந்தத் தேர்வுக்கு அது ஈடாகாது.

"டூரிஸ்ட் விசாவில் போய்த் தேர்வை முடித்துவிட்டு, இடம் கிடைத்தால் அங்கேயே மாற்றிக்கொள்கிறேன்" என்கிறாயே, அது மட்டும் வேண்டாம்மா. ஷெங்கன் சுற்றுலா விசாவைப் படிப்பு அனுமதியாக அங்கே மாற்றித் தர மாட்டார்கள். தேர்வில் ஜெயித்தாலும் ஊர் திரும்பிப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்குள் அக்டோபரில் செமஸ்டர் தொடங்கிவிடும். உன் கொரியத் தோழி அப்படித்தான் போனாள் என்பாய். கொரியா, ஜப்பான், அமெரிக்கா போன்ற சில நாட்டவர் விசா இல்லாமலே போய் அங்கேயே அனுமதி வாங்கலாம். நமக்கு அந்தச் சலுகை இல்லை. அநியாயம்தான், எனக்கும் கோபம் வருகிறது. ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கென்று 'படிப்பு விண்ணப்பதாரர்' விசா ஒன்று இருக்கிறது. நுழைவுத் தேர்வுக்கு அழைப்பு வந்ததும் அதைக் கேள். அதில் போனால், இடம் கிடைத்தபின் அங்கிருந்தபடியே படிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம்.

முறையான வழி என்றதும் ஒரு கதை நினைவுக்கு வருகிறது. ஜூபின் மேத்தா இசை படிக்க 1954-இல் பதினெட்டு வயதில் பம்பாயிலிருந்து வியன்னா போனார். பெரிய ஆர்க்கெஸ்ட்ரா கண்டக்டர்களின் ஒத்திகையைப் பார்க்க அங்கே அப்போது மாணவர்களுக்கு அனுமதி கிடையாது. அவரும் சக மாணவர் கிளாடியோ அப்பாடோவும் என்ன செய்தார்கள் தெரியுமா? பாடகர் குழுவில் பேஸ் குரலாகச் சேர்ந்துகொண்டார்கள். கண்டக்டர் கரயான் எதிரே நின்று, பாடிக்கொண்டே கற்றார்கள். முறையான வழியைத் தேடிப் பிடித்த பிள்ளைகள்!

பணத்துக்கு வருவோம். ஜெர்மனியில் எல்லாம் இலவசம் என்று யாரோ சொன்னதை நம்பியிருக்கிறாய். பெரும்பாலான அரசுக் கல்லூரிகளில் படிப்புக் கட்டணம் இல்லை, உண்மை. ஆனால் ஷ்டுட்கார்ட், ஃப்ரைபுர்க் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். அது போக, வாழ்க்கைச் செலவுக்கு வருஷத்துக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். படிப்பு விசாவுக்கு 2024 செப்டம்பரில் வந்த தொகை இது; விண்ணப்பதாரர் விசாவுக்கு இன்னும் கொஞ்சம் கூடக் கேட்பார்கள். பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும், மாதம் 992 யூரோதான் எடுக்கலாம். அப்பாவின் பி.எஃப். பணத்தைக் கணக்குப் போடுவதற்கு முன்னால் அம்மாவிடம் பேசிவிடு.

உன் படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்து டெல்லியிலுள்ள ஏ.பி.எஸ். மையம் தரும் சான்றிதழை மறந்துவிடாதே. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களின் விசாவுக்கு அது கட்டாயம். விசாவை மறுத்தால் பார்த்துக்கொள்ளலாம் என்ற அசட்டுத் தைரியமும் ஆகாது. மறுப்பை எதிர்த்துத் தூதரகத்துக்கே முறையிடும் வசதியை 2025 ஜூலையில் எடுத்துவிட்டார்கள். இப்போது புதிதாக விண்ணப்பிக்கலாம், இல்லையென்றால் பெர்லினில் வழக்குப் போடலாம். அதனால் ஒரு காகிதம் குறைந்தாலும் ஃபைலைக் கொடுக்காதே.

ஜெர்மன் மொழிக்குப் புனேயிலேயே போட் கிளப் ரோட்டில் மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது. பஸ்ஸில் தூரம் என்று முனகாதே. இந்த வாரமே போய் அடுத்த வகுப்பு எப்போது என்று கேட்டு எழுது.

அன்புடன்,
மாமா