திதிட்சையும் மருந்தும்

சாதகனுக்கு வேண்டிய அகச் செல்வங்களாக வேதாந்தம் ஆறினை எண்ணுகிறது: சமம், தமம், உபரதி, திதிட்சை, சிரத்தை, சமாதானம். இவற்றுள் திதிட்சை என்பது துன்பத்தைப் பொறுமையோடு தாங்கும் ஆற்றல். குருக்ஷேத்திரத்தில் கலங்கி நின்ற அர்ஜுனனுக்குப் பகவான் தொடக்கத்திலேயே கற்பிக்கும் பண்புகளுள் இதுவும் ஒன்று.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்தப் பாடம், தீராத நோய் ஒன்று உடலில் குடியேறும்போது கடினமான வினாக்களை எழுப்புகிறது. வலியைத் தாங்குவது திதிட்சை என்றால், வலியைக் குறைக்கும் மருந்தை உண்பது திதிட்சைக்குக் குறையாகுமா? அந்த மருந்தே மனத்தை மந்தமாக்கி ஜபத்தையும் தியானத்தையும் கலைக்குமானால், அதை விட்டுவிடுவதுதான் சாதகனுக்கு அழகா?

ஓர் அன்பரின் தடுமாற்றம்

கேரளத்தின் களமசேரியில் வாழும் ஓர் அன்பரை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். ஆலுவாவில் இரண்டாகப் பிரியும் பெரியாற்றின் ஒரு கிளை, களமசேரி, ஏலூர் தொழிற்பகுதியை ஒட்டிச் செல்கிறது. பிழைப்புக்காகத் தமிழகத்திலிருந்து அங்கே சென்று, ஆலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் கடைசல் இயந்திரத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். நீண்ட நாள் சர்க்கரை நோய் அவரது கால் நரம்புகளைத் தாக்கியிருக்கிறது. இரவானால் உள்ளங்கால்கள் நெருப்பில் நிற்பதுபோல் எரியும். போர்வையின் நுனி பட்டாலும் ஊசி குத்துவதுபோல் இருக்கும். மருத்துவர் பிரிகாபாலின் என்ற மாத்திரையை எழுதித் தருகிறார். சில வாரங்களில் எரிச்சல் தணிகிறது, உறக்கமும் வருகிறது.

ஆனால் வேறொரு தொல்லை தொடங்குகிறது. பத்து ஆண்டுகளாக ஒருநாளும் தவறாமல் அதிகாலை நான்கரை மணிக்கு ஜபத்தில் அமர்ந்தவர் அவர். இப்போது அமர்ந்த சில நிமிடங்களில் தலை சாய்கிறது. மாலை விரல்களிலிருந்து நழுவுகிறது. எழுந்தால் சுவர் சற்றுச் சுழல்கிறது. கணுக்கால்கள் வீங்குகின்றன. மருந்துக்கடையில் விசாரித்தபோது, "இது வலிப்பு நோய்க்கும் கொடுக்கிற மாத்திரைதான்" என்று சொல்லிவிடுகிறார்கள். 'இந்த மருந்து எனக்குள் தமோகுணத்தை வளர்க்கிறது. வலியைப் பொறுத்துக்கொள்வதே தவம்' என்று அவர் முடிவுசெய்து, ஓர் ஏகாதசி நாளில் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். மருத்துவரிடம் சொல்லவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் இரவில் எரிச்சல் திரும்பி வருகிறது. உறக்கமில்லை, வியர்வை, படபடப்பு, காரணமற்ற அச்சம். நாமம் நாவில் நிற்கவில்லை. 'இத்தனை ஆண்டுகள் செய்த ஜபம் எங்கே போயிற்று? இறைவன் என்னைக் கைவிட்டாரோ?' என்று உள்ளம் புலம்புகிறது. மேசை இழுப்பறையில் பிரிக்கப்படாத மாத்திரை அட்டையைக் கண்ட மனைவி கேட்கிறார்: "வலியை என்னிடம் சொல்லாமல் மறைப்பீங்க, அது தெரியும். மாத்திரையையும் மறைப்பீங்களா?"

இந்தக் கேள்வியில் பாடத்தின் பாதி அடங்கியிருக்கிறது.

நரம்பு வலியின் இயல்பு

சாதாரண வலி ஒரு தூதன். முள் குத்தினால் 'காலை எடு' என்று செய்தி கொண்டுவருகிறது. முள்ளை எடுத்ததும் தன் வேலை முடிந்து அடங்குகிறது. நரம்பு வலியோ அப்படிப்பட்டதன்று. இங்கே நோயுற்றிருப்பவன் தூதனே. பழுதுற்ற நரம்பு, நெருப்பு இல்லாத இடத்தில் நெருப்பு என்று இடைவிடாமல் கூவுகிறது. சர்க்கரை நோய், அக்கி, முதுகுத்தண்டில் நரம்பு நசுங்குதல், முகத்தில் மின்னல்போல் பாயும் முக்கிளை நரம்பு வலி, சிலவகைப் புற்றுநோய் மருந்துகள் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உண்பவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 குறைந்து, அதனாலும் நரம்பு பாதிக்கப்படலாம். எனவே அந்தப் பரிசோதனையும் தேவைப்படும்.

வேதாந்த மாணவனுக்குக் கயிற்றில் தோன்றும் பாம்பு நினைவுக்கு வரலாம். பாம்பு பொய், ஆனால் கண்டவனின் நடுக்கம் பொய்யன்று. அதுபோலக் காலடியில் நெருப்பு இல்லை. எரிச்சல் மட்டும் உண்மையாகவே அனுபவிக்கப்படுகிறது. ஆகவே 'எல்லாம் மனப்பிரமை' என்று நோயாளியைப் பார்த்துச் சொல்வது அறியாமையும் கொடுமையும் ஆகும்.

காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் உண்ணும் சாதாரண மாத்திரைகள் இந்த வலியிடம் பெரும்பாலும் தோற்றுப்போகின்றன. நரம்பின் மிகைக் கிளர்ச்சியையே அடக்கும் மருந்துகள் வேண்டியிருக்கின்றன. வலிப்பு நோய்க்காக வந்த கபாபென்டின், பிரிகாபாலின், கார்பமசெபின் ஆகியனவும், மனச்சோர்வுக்காக வந்த அமிட்ரிப்டிலின், டுலோக்செடின் ஆகியனவும் இங்கே பயன்படுவது அதனால்தான். மனச்சோர்வு மருந்தை வலிக்காகக் கொடுப்பதால் ஒருவர் மனநோயாளி ஆகிவிடுவதில்லை. அமிட்ரிப்டிலின் நரம்பு வலிக்குப் பெரும்பாலும் 10 மி.கி. போன்ற சிறிய அளவில் இரவில் தொடங்கப்படுகிறது.

மருந்தின் விலை

கூவும் நரம்பை மட்டும் தேடிச் சென்று அமைதிப்படுத்த இம்மருந்துகளுக்குத் தெரியாது. விழிப்பையும் நடையின் சமநிலையையும் காக்கும் மூளைப் பகுதிகளையும் அவை சேர்த்தே தணிக்கின்றன. தூக்கக் கலக்கமும் தலைச்சுற்றலும் வருவது இதனால்தான். கபாபென்டினாலும் பிரிகாபாலினாலும் கால் வீக்கமும் எடை கூடுதலும் நேரலாம். அமிட்ரிப்டிலின் வாயை உலர்த்தும், மலச்சிக்கல் தரும், புரோஸ்டேட் வீக்கமுள்ள முதியவருக்குச் சிறுநீரைத் தடுக்கும். டுலோக்செடின் தொடக்கத்தில் குமட்டல் தரலாம். கார்பமசெபின் இரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கலாம். அரிதாகக் கடுமையான தோல் நோயை உண்டாக்கலாம்.

இவற்றுள் தூக்கக் கலக்கம் பலருக்கும் சில நாட்களில் அல்லது வாரங்களில் குறைகிறது. முழுப் பயன் தெரியவும் சில வாரங்கள் ஆகும். ஒருவருக்குப் பயன் தரும் மருந்து மற்றொருவருக்குப் பயன் தராமலும் போகலாம். அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ மருத்துவர் வழி காண்பார். ஆனால் இவற்றைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. அந்த அன்பருக்கு நேர்ந்ததுபோல் உறக்கமின்மையும் படபடப்பும் வரும். சிலருக்கு வலிப்பும் வரக்கூடும். நிறுத்த வேண்டுமானால் மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும். 'தெய்வம் கைவிட்டது' என்று அவர் அஞ்சிய அந்த மூன்றாம் இரவு, மருந்து உடலை விட்டு விலகிய இரவு. அதற்கு ஆன்மிகப் பொருள் தேட வேண்டியதில்லை.

சாத்திரம் மருந்தை மறுக்கிறதா?

மரபு ஆதிசங்கரருடையதாகப் போற்றும் விவேகசூடாமணி, திதிட்சைக்கு இலக்கணம் வகுக்கையில் மூன்று குறிப்புகளைத் தருகிறது: துன்பத்துக்குப் பரிகாரம் தேடாமை, கவலையின்மை, புலம்பலின்மை. முதற்குறிப்பைப் பற்றிக்கொண்டு 'சிகிச்சையே கூடாது' என்று வாதிடுவோர் உண்டு.

ஆனால் அதே நூல், பிரம்ம ஞானம் வெறும் சொல்லால் வாராது என்பதற்கு மருந்தையே உவமையாக்குகிறது: மருந்தின் பெயரைச் சொன்னால் போதாது, பருகினால்தான் நோய் தீரும் என்பது அதன் கருத்து. சிகிச்சையை இழிவென்று கருதிய ஆசிரியர் இவ்வுவமையை எடுத்திருப்பாரா? பரிகாரம் தேடாமை என்பது, முழுத் துறவில் நிலைபெற்றவர் உடலைப் பற்றிய நினைப்பையே விட்டுவிடும் உயர்நிலையைக் காட்டுவது. மற்றவர்க்கு அதன் உட்பொருள், ஒவ்வொரு சிறு அசௌகரியத்தையும் உடனே நீக்கிக்கொள்ளத் துடிக்கும் பரபரப்பை விடுதல். அடுத்த இரு குறிப்புகளையும் கவனிக்க வேண்டும். மருந்தைத் துறந்துவிட்டு இரவெல்லாம் கவலையிலும் புலம்பலிலும் கழிப்பவர், ஒன்றைக் காக்கப்போய் இரண்டை இழக்கிறார்.

கீதையின் ஆறாம் அத்தியாயம் யோகிக்கு உணவிலும் உறக்கத்திலும் நடுநிலையை விதிக்கிறது. மிகை உறக்கம் தடையாவதுபோலவே உறக்கமின்மையும் தடையே. அப்படியானால், வலியைத் தணித்து முறையான உறக்கத்தைத் தரும் மருந்து யோகத்துக்குப் பகையாவது எப்படி?

சுவாமி விவேகானந்தரின் வாழ்விலும் இதற்கு ஒரு விளக்கம் கிடைக்கிறது. சர்க்கரை நோயோடு உடல் வீக்கமும் சேர்ந்து வருத்திய 1901ஆம் ஆண்டில், பேலூர் மடத்தில் அவர் ஆயுர்வேத சிகிச்சையை மேற்கொண்டார். கடுங்கோடையில் உப்பையும் நீரையும் விலக்க வேண்டும் என்பது பத்தியம். அவர் அதை மறுக்கவில்லை. மறைவில் மீறவும் இல்லை. பல நாட்கள் உறுதியாகக் கடைப்பிடித்தார். அந்த நாட்களில் கலைக்களஞ்சியத்தின் தொகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தும் வந்தார். உடல் அனுமதிக்காததற்காக ஏங்காமல், அனுமதித்ததை முழு மனத்தோடு செய்தார். நோயைத் தாங்குவதோடு சிகிச்சையின் சிரமத்தையும் தாங்குவது திதிட்சை என்பதை இது காட்டுகிறது.

சாதகன் செய்யத்தக்கவை

முதலாவது, உண்மை பேசுதல். வலி எப்போது வந்தது, மாத்திரை உண்ட நேரம், கலக்கம் எத்தனை மணி வரை நீடித்தது, கால் வீக்கம் உண்டா என்பவற்றை ஒரு சிறு நோட்டில் நாள்தோறும் குறித்து, மருத்துவரிடம் காட்ட வேண்டும். "ஜபத்தின்போது தூங்கிவிடுகிறேன்" என்பதையும் கூச்சமின்றிச் சொல்லலாம். மாத்திரை நேரத்தை முன்னதாக்கினாலோ அளவைக் குறைத்தாலோ தீரக்கூடிய தொல்லையாக அது இருக்கலாம். சிறுநீரகக் குறைபாடு இருந்தால் கபாபென்டின், பிரிகாபாலின் அளவைக் குறைத்தாக வேண்டும். ஆகவே பிற நோய்களையும் உண்ணும் பிற மருந்துகளையும் மறைக்கலாகாது. தூக்க மாத்திரை, கடும் வலிநீக்கி, மது இவற்றோடு சேர்ந்தால் மூச்சே தடைபடக்கூடும்.

இரண்டாவது, எச்சரிக்கை. படுக்கையிலிருந்து சட்டென்று எழாமல், விளிம்பில் சற்று அமர்ந்து பிறகு எழுவது நல்லது. இரவு விளக்கு ஒன்று எரியட்டும். கலக்கம் தெளியும் வரை வாகனம் ஓட்டலாகாது. வாய் உலர்ந்தால் சிறிது சிறிதாக நீர் அருந்தலாம். கேரளத்து வீடுகளில் வழங்கும் சீரகத் தண்ணீரும் உதவும். மலச்சிக்கலுக்குக் கீரை, பழம், நடை. உணர்விழந்த பாதங்களை நாள்தோறும் பார்த்து, புண் உண்டா என்று அறிய வேண்டும். தோலில் தடிப்பு, வாய்ப்புண்ணோடு காய்ச்சல், மூச்சுத் திணறல், சிறுநீர் அடைப்பு, வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அன்றே மருத்துவரை நாட வேண்டும். அங்கே பொறுமை திதிட்சையன்று.

மூன்றாவது, சாதனையை உடலுக்கேற்ப அமைத்தல். நான்கரை மணிக்கு விழிப்பு இல்லையென்றால் ஏழு மணிக்கு அமரலாம். ஒருமணி நேர ஜபத்தை மூன்று இருபது நிமிடங்களாகப் பகுக்கலாம். கண் மூடினால் தூக்கம் வருமாயின், கண் திறந்து இஷ்டதெய்வத்தின் படத்தை நோக்கியோ, நாமத்தை நோட்டில் எழுதியோ ஜபிக்கலாம். நேரத்தின் மீதுள்ள பற்று நாமத்தின் மீதுள்ள பற்றாகிவிடாது. பத்தாண்டு ஒழுங்கு முறிந்ததே என்று வருந்துவது பக்தியா, நுண்ணிய பெருமையா என்று உள்நோக்கிப் பார்க்கவும் இது ஒரு வாய்ப்பு.

மந்தத்தை அறிபவன் யார்?

'என் மனம் மந்தமாகிவிட்டது' என்று நோயாளி சொல்கிறார். அந்த மந்தத்தை அவர் எப்படி அறிந்தார்? அறியப்படும் பொருள், அறிபவனாக இருக்க இயலாது. உடலும் மனமும் க்ஷேத்திரம். அவற்றை அறிபவன் க்ஷேத்திரக்ஞன். மாத்திரை நரம்பைத் தொடும், மனத்தின் ஓட்டத்தைத் தொடும், சாட்சியைத் தொடாது. இதை வலியின் உச்சத்தில் அனுபவமாக்குவது எளிதன்று. எளிதென்று சொல்வது நோயாளிக்கு இழைக்கும் அநீதி. ஆனால் மருந்தால் வலி சற்றுத் தணிந்த ஒரு பிற்பகலில் இதைச் சிந்திக்க முடியும். அந்தப் பிற்பகலை அளித்ததே மருந்து செய்யும் தொண்டு.

வலி தனியே வருவதில்லை. இங்கிலாந்தில் செவிலியாகவும் சமூகப் பணியாளராகவும் பின்னர் மருத்துவராகவும் பணியாற்றி, 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர் நோய்ப் பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல், மனம், குடும்பம், ஆன்மா ஆகிய நான்கிலும் பரவும் 'முழு வலி'யைப் பற்றிப் பேசினார். அந்த நோக்கு கேரளத்தில் மக்கள் இயக்கமாகவே மலர்ந்தது. 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் எம். ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு வலி தணிப்புச் சங்கத்தைத் தொடங்கினர். 2008இல் கேரள அரசு இதற்கெனக் கொள்கை வகுத்தது. உள்ளாட்சிகளின் துணையோடு செவிலியர் வீடு தேடிச் சென்று, படுக்கையில் இருப்பவரின் வலியையும் மருந்தின் தொல்லையையும் கேட்டறிகின்றனர். பிறர் வலியைக் கேட்பது சிவஞானத்தோடு செய்யும் ஜீவசேவை; தன் வலியை மறைக்காமல் சொல்வது அந்தச் சேவைக்கு இடம் தருதல்.

களமசேரி அன்பரின் கதையை இவ்வாறு முடித்துப் பார்க்கலாம். மனைவியோடு மருத்துவரிடம் செல்கிறார், நோட்டைக் காட்டுகிறார். மாத்திரை குறைந்த அளவில் மீண்டும் தொடங்குகிறது. இரவு ஒன்பது மணிக்கு உண்டதை ஏழு மணிக்கு மாற்றுகிறார்கள். எரிச்சல் முற்றிலும் போகவில்லை, பாதியாகிறது. ஜபம் காலை ஆறரைக்கு. ஒரு ஞாயிறன்று இருவரும் பேருந்தில் காலடிக்குச் செல்கிறார்கள். தம் ஊரை ஒட்டிச் செல்லும் அதே பெரியாறு, அங்கே ஆதிசங்கரர் பிறந்த மண்ணைத் தொட்டுச் செல்கிறது. படித்துறையில் அவர் எரியும் பாதங்களை நீரில் வைத்து அமர்கிறார். மாத்திரை வேளை நெருங்கியதும் மனைவி நினைவூட்டுகிறார். நாமத்தைச் சொல்லிக்கொண்டே அவர் அதை விழுங்குகிறார்.

சிந்தனைக்கு

1. பரிகாரம் தேடாமை, கவலையின்மை, புலம்பலின்மை: இம்மூன்றுள் உங்கள் வாழ்வில் எது மிகக் கடினமாக இருக்கிறது?

2. உடல்நலம் குன்றியபோது உங்கள் சாதனையில் எதை மாற்றினீர்கள்? எதை மாற்ற மனம் மறுத்தது? ஏன்?

3. உங்கள் வீட்டில் வலியை மறைத்து வாழ்பவர் எவரேனும் உண்டா? அவரிடம் இந்த வாரம் என்ன கேட்பீர்கள்?