பெட்டி எங்கே போகிறது?

கட்கி பஜாரில் தகரப் பெட்டி விற்பதைப் பார்த்திருப்பீர்கள். பட்டாளத்துக்காரர்கள் வாங்கும் கறுப்புப் பெட்டி. நம் வகுப்புக்கு வரும் ஓர் அம்மா அப்படி ஒரு பெட்டி வாங்கினார். அவர் மகள் நர்சு. இங்கிலாந்தில் வேலை கிடைத்து 2024-ஆம் ஆண்டு போனாள். விமானத்தில் இரண்டு பைதான் கொண்டுபோக முடிந்தது. படித்த புத்தகம், ஸ்வெட்டர், பட்டுப்புடவை, இட்லிப் பானை எல்லாம் புனேயிலேயே நின்றுவிட்டன. விமானத்தில் அனுப்பினால் கிலோவுக்கு இவ்வளவு என்று காசு கேட்கிறார்கள். அதனால் கப்பலில் அனுப்பலாம் என்று முடிவு செய்தார்.

கப்பலில் பெரும்பாலும் எடையைப் பார்ப்பதில்லை. பெட்டி எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்க்கிறார்கள். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் உள்ள இடம் ஒரு கன மீட்டர். அது ஏறக்குறைய 35 கன அடி. அம்மாவின் பெட்டி 3 அடி நீளம். அகலமும் உயரமும் ஒன்றரை அடி. மூன்றையும் பெருக்கினால் 6¾ கன அடி. இதைப் போல ஐந்து பெட்டிகள் ஒரு கன மீட்டரில் அடங்கும். ஆனால் ஒரே பெட்டி அனுப்பினாலும் ஒரு கன மீட்டருக்குக் கூலி கேட்பது உண்டு. இதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கூலி எப்படியும் ஒன்றுதான் என்று தெரிந்ததும், அம்மா இன்னும் நான்கு அட்டைப் பெட்டிகளைச் சேர்த்தார்.

இந்தப் பெட்டிகள் தனியாகப் போவதில்லை. கன்டெய்னர் என்னும் பெரிய இரும்புப் பெட்டிக்குள் போகின்றன. 20 அடி கன்டெய்னருக்குள் சுமார் 33 கன மீட்டர் இடம் உண்டு. பலருடைய சாமான்களை ஒன்றாக அடுக்கி ஏஜெண்டு அனுப்புகிறார். முன்காலத்தில் ஒவ்வொரு மூட்டையையும் கூலியாட்கள் முதுகில் சுமந்து ஏற்றினார்கள். 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மக்லீன் என்ற லாரி முதலாளி அமெரிக்காவில் 58 இரும்புப் பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பினார். அந்த முறைதான் பிறகு உலகம் முழுவதும் பரவியது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பட்டியல் எழுத வேண்டும். அம்மா தமிழில் தம் கையாலேயே எழுதினார். 31 பொருள்கள். நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். ஏழாவது பொருள் நெய். அதை அடித்தோம். நம் நாட்டிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவர இங்கிலாந்து அனுமதிப்பதில்லை. அம்மாவுக்கு வருத்தம்தான். "வீட்டு வெண்ணெயில் காய்ச்சினதம்மா" என்று இரண்டு முறை சொன்னார்.

மகள் செய்யவேண்டிய வேலையும் ஒன்று இருந்தது. குடியேறுகிறவர்கள் தாம் ஆறு மாதமாவது வைத்துப் பயன்படுத்திய சாமானுக்கு இங்கிலாந்துச் சுங்க இலாகாவிடம் வரி விலக்குக் கேட்கலாம். அதற்கு விண்ணப்பம் போடவேண்டும். பெட்டி போய்ச் சேருவதற்கு முன்பே போடவேண்டும்.

டெம்போ வந்து பெட்டிகளை ஏற்றிப் போயிற்று. ஏஜெண்டு பணத்துக்கு ரசீது கொடுத்தார். அது போதுமா? போதாது. சாமானை ஏற்றிக்கொண்டதற்குத் தனிப் பத்திரம் உண்டு. அதற்குப் பில் ஆஃப் லேடிங் என்று பெயர். அனுப்புகிறவர் யார், வாங்குகிறவர் யார், எந்தத் துறைமுகம், எந்தக் கப்பல் என்று அதில் எழுதியிருக்கும். அம்மா மூன்று முறை கேட்டார். "அப்புறம் தருகிறேன்" என்றார் ஏஜெண்டு. நான்காவது முறை அம்மா அவர் கடையிலேயே போய் உட்கார்ந்துகொண்டார். அன்றே கிடைத்தது.

பத்திரத்தில் கன்டெய்னர் எண்ணும் இருந்தது. அந்த எண் எப்படி இருக்கும்? முதலில் நான்கு ஆங்கில எழுத்துகள். பிறகு ஏழு இலக்கங்கள். உதாரணத்துக்கு: சி.எஸ்.க்யூ.யூ. 305438 3. கடைசி இலக்கம் காவல்காரன் போல. முன்னால் உள்ள எழுத்துகளையும் இலக்கங்களையும் கணக்குப் போட்டால் அந்த இலக்கம் வரும். ஓர் இலக்கத்தைத் தப்பாக எழுதினால் கணக்கு ஒத்துவராது. தப்பு உடனே தெரிந்துவிடும்.

நவ சேவா துறைமுகத்திலிருந்து கப்பல் கிளம்பியது. 1989-இல் திறந்த துறைமுகம் அது. அம்மா செல்போனில் கப்பலின் பெயரைத் தட்டினார். கடல் படத்தின் மேல் சின்ன அம்புக்குறி ஒன்று நகர்ந்தது. அதுதான் கப்பல். இரண்டு நாள் கழித்து அம்புக்குறி மறைந்துவிட்டது. அம்மா ஓடிவந்தார். "ஏம்மா, கப்பலைக் காணோமே! முழுகிப் போச்சா?" என்று கேட்டார். கை நடுங்கியது.

முழுகவில்லை. வெளிநாடு போகும் 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களில் 2004-ஆம் ஆண்டின் முடிவுக்குள் ஒரு ரேடியோக் கருவி வைத்தாக வேண்டும் என்று உலகச் சட்டம் வந்தது. கப்பல் ஓடும்போது சில நொடிக்கு ஒரு முறை அது பேசும். 'என் பெயர் இது, நான் இங்கே இருக்கிறேன், இவ்வளவு வேகத்தில் போகிறேன்' என்று சொல்லும். கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. கரையில் உள்ள கம்பங்களும் அதைக் கேட்கின்றன. ஆனால் கரையை விட்டு வெகுதூரம் போனால் கம்பத்துக்குக் கேட்காது. செயற்கைக்கோளுக்குக் கேட்கும். அதைக் காட்டப் பல இடங்களில் காசு கேட்கிறார்கள். நாம் பார்ப்பது காசில்லாத படம். அதனால்தான் அம்புக்குறி மறைந்தது.

வழியும் மாறியிருந்தது. 1869-இல் திறந்த சூயஸ் கால்வாய் வழியாகப் போவதுதான் குறுக்கு வழி. 2023 நவம்பர் முதல் செங்கடலில் கப்பல்களைத் தாக்கினார்கள். அதனால் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போயின. அம்மாவின் கப்பலும் அப்படித்தான் போயிற்று. பயணம் கூடுதலாக இரண்டு வாரம் ஆகலாம் என்று கணக்குப் போட்டோம். உலகப்படத்தில் அந்த வழியை விரலால் தடவிப் பார்த்தபிறகுதான் அம்மா டீ குடித்தார்.

மறுபடி அம்புக்குறி தெரிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை அது பெலிக்ஸ்டோ துறைமுகத்தில் நின்றது. ஏஜெண்டைக் கேட்டால், "கப்பல் இன்னும் வரவில்லை" என்றார். "வந்துவிட்டதே, பெலிக்ஸ்டோவில் நிற்கிறதே" என்றார் அம்மா. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இருங்கம்மா, பார்த்துச் சொல்கிறேன்" என்று பதில் வந்தது. துறைமுகத்தில் சில நாள்தான் வாடகை இல்லாமல் வைப்பார்கள். பிறகு நாளுக்கு நாள் வாடகை ஏறும். அதை மகள்தான் கட்டவேண்டி வரும். ஆகவே அந்த ஒரு போன் வீண் போகவில்லை.

ஒன்று கவனியுங்கள். படம் காட்டுவது கப்பலைத்தான், நம் பெட்டியை அல்ல. நடுவில் வேறு துறைமுகத்தில் இறக்கி வேறு கப்பலில் ஏற்றுவதும் உண்டு. கப்பல் கம்பெனியின் இணையப் பக்கத்தில் கன்டெய்னர் எண்ணைக் கொடுத்தால் 'ஏற்றியாயிற்று', 'இறக்கியாயிற்று' என்று தேதியோடு வரும்.

காப்பீடு வேண்டுமா? வேண்டும் என்பேன். 2021 மார்ச் 23 அன்று எவர் கிவன் என்ற கப்பல் சூயஸில் சிக்கி, 29-ஆம் தேதிதான் விடுபட்டது. அதன் மாலுமிகள் 25 பேரும் இந்தியர்கள். அந்தக் கப்பலை மீட்ட செலவில் சரக்குக்காரர்களும் பங்கு தரவேண்டி வந்தது. இது பழைய கடல் வழக்கம். காப்பீடு இருந்தால் அந்தப் பங்கைக் காப்பீட்டுக் கம்பெனி ஏற்கும். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் 640 கன்டெய்னர்களோடு மூழ்கியது. மாலுமிகள் 24 பேரும் பிழைத்தார்கள்.

மகள் பெட்டியைத் திறந்து படம் அனுப்பினாள். இட்லிப் பானையின் மூடி மட்டும் நசுங்கியிருந்தது.

பயிற்சி: மேலே உள்ள கன்டெய்னர் எண்ணைப் பார்க்காமல் எழுதுங்கள். ஒரு கப்பல் ஜூன் 10 அன்று கிளம்புகிறது. 38 நாள் ஆகும். எந்தத் தேதியில் சேரும்? உங்கள் வீட்டுப் பெட்டி ஒன்றை அளந்து, எத்தனை கன அடி என்று கணக்கிடுங்கள்.