காரில் செய்யும் மாற்றங்களும் காப்புறுதியும்

டென்மார்க்கில் பதிவுபெற்ற ஒவ்வொரு காருக்கும் பொறுப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயமானது. பிறருக்கு விளையும் சேதத்தை அது ஈடுசெய்கின்றது. உங்கள் சொந்தக் காரின் சேதத்தை ஈடுசெய்வது கஸ்கோ. அதனைச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. காரில் அறிவிக்கப்படாத மாற்றம் இருப்பினும், விபத்தில் பாதிக்கப்பட்ட பிறருக்கு நிறுவனம் இழப்பீடு வழங்கியே ஆகவேண்டும். ஆயினும், பாரதூரமான பொறுப்பின்மையோடு விபத்தை விளைவித்தவரிடம் அத்தொகையைத் திரும்பக் கோரலாம். மாற்றத்தை அறிவிக்காதவர் பெரும்பாலும் நட்டமடைவது கஸ்கோவில்தான்.

மாற்றம் என்பது யாது? காரைத் தாழ்த்தும் சுருள்வில்கள், இயந்திரத்தின் மென்பொருளை மாற்றி வலுவைக் கூட்டுதல், பதிவிலுள்ள அளவுக்கு அப்பாற்பட்ட சில்லுகள், மாற்றுப் புகைபோக்கி ஆகியன வழக்கமானவை. இவற்றுட் பலவற்றுக்குப் பரிசோதனை நிலையத்தின் அங்கீகாரம் வேண்டும். உதிரிப்பாகத்தை வாங்குமுன்னரே அங்கு விசாரிப்பது நன்று. ஆனால், ‘சூன்’ பரிசோதனையில் தேறிவிட்டது என்பதால் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்ததாக ஆகாது. அவை இரண்டும் வெவ்வேறு கடமைகள்; நம்மவர் பலர் இவ்விடத்திலேயே இடறுகின்றனர்.

1930ஆம் ஆண்டின் காப்புறுதி ஒப்பந்தச் சட்டம் இன்றும் நடைமுறையிலுள்ளது. ஒப்பந்தம் செய்யும்போது தவறான தகவல் கொடுக்கப்பட்டால் அதன் 6ஆம் பிரிவும், பின்னர் ஆபத்து அதிகரிக்கப்பட்டால் 45ஆம் பிரிவும் பொருந்தும். உண்மையை அறிந்திருந்தால் காப்புறுதியே வழங்கியிராது என்று கருதத்தக்க நிலையில், நிறுவனம் ஒன்றும் செலுத்த வேண்டியதில்லை. கூடுதல் கட்டுப்பணத்துக்கு வழங்கியிருக்குமாயின், இழப்பீடு விகிதப்படி குறையும். ஓர் உதாரணம் பார்ப்போம். நீங்கள் ஆண்டுக்கு 6,000 குரோனர் செலுத்துகின்றீர்கள். மாற்றம் தெரிந்திருந்தால் 9,000 குரோனர் அறவிடப்பட்டிருக்கும். சேதம் 60,000 குரோனராயின், மூன்றில் இரண்டு பங்கான 40,000 குரோனரே கிடைக்கும். ஆண்டுக்கு 3,000 மிச்சம் பிடித்தவர் ஒரே நாளில் 20,000 இழக்கின்றார். வேண்டுமென்றே பொய்யுரைத்துப் பெற்ற காப்புறுதியோ நிறுவனத்தைக் கட்டுப்படுத்தவே மாட்டாது.

கார் தந்தையின் பெயரில் இருக்க, மகன் அதனை மாற்றியமைப்பது நம் குடும்பங்களில் அரிதன்று. ஒப்பந்தக்காரர் தந்தையே. மாற்றத்தைக் கண்டும் அவர் அறிவியாதிருந்தால், “நான் செய்யவில்லை” என்பது போதிய விடையாகாது. காரை உண்மையில் முதன்மையாக ஓட்டுபவர் யார் என்பதும் கட்டுப்பணத்தைத் தீர்மானிக்கும் என்பதால், மகனே ஓட்டுபவராயின் அதனையும் மறைக்கலாகாது.

காரின் நிலையைப் பொறுத்தவரை சட்டம் சற்று நியாயமாகவே நடந்துகொள்கின்றது. சாதாரண காருக்கு முதலாவது ‘சூன்’ நான்கு ஆண்டுகளின் பின்னும், அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் நடைபெறும். இடைப்பட்ட காலத்தில் காரைப் பேணுவது உங்கள் பொறுப்பு. ரயரின் தவாளிப்பு 1.6 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. பராமரிப்பு நிபந்தனையை மீறியவருக்கும், அம்மீறலால் விளையாத சேதத்துக்கு இழப்பீடு உண்டு என்பது 51ஆம் பிரிவின் சாரம். தேய்ந்த ரயருடன் ஈரவீதியில் வழுக்கினால் இழப்பீடு குறையலாம். அதே கார் தரிப்பிடத்திலிருந்து களவுபோனால் ரயரைக் காரணங்காட்ட முடியாது.

மாற்றத்துக்கு முன் நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து, பதிலைப் பேணி வையுங்கள். தொலைபேசியில் சொன்னதைப் பின்னர் நிரூபிப்பது கடினம். விலையுயர்ந்த உபகரணம் பொருத்தினால், அது கஸ்கோவில் அடங்குமா என்றும் கேளுங்கள். நிறுவனம் இழப்பீட்டைக் குறைத்தால், எந்தப் பிரிவின்கீழ், எந்தக் கணக்கின்படி என்று எழுத்தில் விளக்கம் கோருங்கள். முதலில் நிறுவனத்திடமே முறையிடல் வேண்டும். அதன் பின்னரும் உடன்பாடில்லையெனில், காப்புறுதி முறையீட்டுச் சபையாகிய ‘அன்கநெவ்னெட் ஃபொர் ஃபொர்சிக்ரிங்’கிடம் செல்லலாம். அதற்குரிய சிறு கட்டணம், முறையீடு வென்றால் திருப்பித் தரப்படும்.