ஒட்டுத் தையல் செய்த துணிப் பட்டம்

கிளந்தான் மாநிலத்தின் வாவ் பூலான் பட்டத்தை நேரில் கண்டிராதவர்களும் அதன் உருவத்தை அறிவர். 1989-ஆம் ஆண்டு வரிசையில் வெளிவந்த 50 சென் நாணயத்தில் அது பொறிக்கப்பட்டிருந்தது. அதன் கீழ்ப்பகுதி பிறையைப் போல் வளைந்திருப்பதால் நிலாப் பட்டம் என்னும் பொருளில் அப்பெயர் பெற்றது. அப்பட்டத்தின் மேல் படர்ந்திருக்கும் கொடியும் பூவும் தூரிகையால் தீட்டப்படுபவை அல்ல; வண்ணக் காகிதத்தைக் கத்தியால் செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அமைக்கப்படுபவை. காகிதத்திற்குப் பதில் துணியும், பசைக்குப் பதில் தையலும் கொண்டால் அதுவே ஒட்டுத் தையல். தேர்த் திருவிழாவில் தொங்கும் தொம்பைகளைக் கண்டவர்களுக்கு இத்தையல் புதியதன்று.

அழகுக்காகத் துணிமேல் துணி வைத்துத் தைக்கும்போது பட்டத்தின் எடை கூடுகிறது. எடை கூடிய பட்டம் எழும்ப மறுக்கிறது. பிள்ளைகளின் கைக்குப் போகாமல் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கிவிடுகிறது. இக்குறையைத் தவிர்க்கும் வழியே இக்கட்டுரையில் முக்கியமானது.

முதலில் துணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நெருக்கமாக நெய்த மெல்லிய நைலான் துணியே ஏற்றது. துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு மறுபக்கம் தாராளமாகச் செல்லுமானால் காற்றும் அவ்வாறே சென்றுவிடும். பருத்தித் துணி கனமானது. பனியில் ஈரத்தையும் உறிஞ்சும். பட்டத்தின் அடித்துணிக்குச் சுமார் 1 மீட்டர் வாங்கினால் போதும். மேலே தைக்கும் வண்ணத் துணிக்கு ஒடிந்த குடைகளின் துணி மிகவும் பொருந்தும். மழைக்காலம் கழிந்தபின் அது கிடைக்காத வீடு நம் தோட்டங்களில் இராது.

நெடுக 90 சென்டிமீட்டர், குறுக்கே 80 சென்டிமீட்டர் கொண்ட சாய்சதுரப் பட்டத்தை எடுத்துக்கொள்வோம். குறுக்குக் குச்சி உச்சியிலிருந்து 22 சென்டிமீட்டர் கீழே வரவேண்டும். துணியின் நேர் இழை பட்டத்தின் நெடுக்குக் கோட்டோடு ஒத்துச் செல்லுமாறு வெட்டுவது அவசியம். இழை சாய்ந்துவிட்டால் ஒரு புறம் மட்டும் நீண்டு, பட்டம் ஒருக்களித்துக்கொள்ளும். ஓரம் மடித்துத் தைப்பதற்கு 1 சென்டிமீட்டர் கூடுதலாக விட வேண்டும்.

இனி வடிவம். இடமும் வலமும் ஒரே எடை இருக்கவேண்டும் என்பதால் ஒரு பக்கம் பார்த்து நிற்கும் மயில் முதலியன ஏலா. நமக்கு நன்கு தெரிந்த ரப்பர் இலையே இதற்கு உகந்த வடிவம். ஒரே காம்பில் மூன்று இலைகள் அல்லவா? காம்பு பட்டத்தின் உச்சியை நோக்கி இருக்க, நடு இலையை 40 சென்டிமீட்டர் நீளத்தில் கீழ்நோக்கியும், மற்ற இரண்டையும் 30 சென்டிமீட்டர் நீளத்தில் இருபுறமும் சரித்தும் வரையலாம். காகிதத்தை இரண்டாக மடித்து ஒரு பாதியை மட்டும் வரைந்து வெட்டினால் மறுபாதி தானே சரியாக அமையும். இலையுதிர்வதற்கு முன் தோன்றும் செம்மஞ்சள் நிறத் துணி கிடைக்குமாயின் இன்னும் அழகு.

வண்ணத் துணியை இலையளவுக்கு வெட்டிவிடாமல், சற்றுப் பெரிய துண்டாகவே அடித்துணியின்மேல் வையுங்கள். குண்டூசி குத்தினால் நைலானில் துளை நிலைத்துவிடும். ஆங்காங்கே சிறிது பசை தடவினால் போதும். இலையின் கோட்டை வரைந்து, அதன் மேலேயே இயந்திரத்தில் தையுங்கள். தையல் 3 மில்லிமீட்டர் அளவு இருக்கட்டும். அதனினும் நெருங்கினால் தபால் தலையின் ஓரம்போல் துணி கிழியும். பின்னர்க் கோட்டுக்கு வெளியே 4 மில்லிமீட்டர் விட்டு, மிகுதியான வண்ணத் துணியைக் கத்தரித்துவிடுங்கள்.

அடுத்த வேலைக்குத்தான் பொறுமை தேவை. பட்டத்தைத் திருப்பிப் போட்டு, இலைக்குப் பின்னால் உள்ள அடித்துணியையும் கோட்டுக்கு உள்ளே அதே அளவு விட்டு வெட்டி எடுக்க வேண்டும். இப்போது இலை இருக்குமிடத்தில் ஒரே துணிதான் இருக்கும். எடை குறையும், அதைவிட மேலாக, வானத்தில் ஏறியதும் வெயில் ஊடுருவி இலை ஒளிவிடும். இரண்டு துணி இருந்தால் அது கருத்த நிழலாகவே தோன்றும். வெட்டும்போது இரு துணிகளுக்கும் இடையே ஓர் அட்டையைச் செருகிக்கொள்ளுங்கள். அட்டை வைக்க மறந்து நடு இலையையே கத்தரித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தைத்த அனுபவம் இதை எழுதுபவனுக்கு உண்டு. வெட்டிய ஓரம் பிரியாமலிருக்க, எரியும் ஊதுபத்தி முனையை ஓரத்தில் மெல்ல ஓட்டினால் நைலான் உருகி இறுகிவிடும்.

மூங்கிலைப் பிளந்து, சீவி, சில நாள் உலர்த்திய குச்சிகளே வேண்டும். குறுக்குக் குச்சியைக் கத்தி முதுகில் நடுவே நிறுத்திப் பார்த்து, தாழும் பக்கத்தைச் சீவுக. நான்கு மூலைகளிலும் சிறு துணிப்பைகள் தைத்துக் குச்சிகளை அவற்றில் செருகி, சந்திக்கும் இடத்தில் நூலால் கட்டுங்கள். ஆணி வேண்டாம். 4 சென்டிமீட்டர் அகலத் துணியில் 5 மீட்டர் வால் கட்ட வேண்டும்.

நெடுக்குக் குச்சியின் இரு முனைகளிலும் 120 சென்டிமீட்டர் நூலைக் கட்டி, குறுக்குக் குச்சிக்குச் சற்று மேலாக அமையும் இடத்தில் வளையம் முடிக. அதைப் பிடித்துத் தூக்கினால் தலை சிறிது உயர்ந்து நிற்க வேண்டும். பட்டம் இழுவை மட்டும் கொடுத்து உயராவிட்டால் முடிச்சை 1 சென்டிமீட்டர் உச்சிப்பக்கம் நகர்த்துங்கள். இழுவையே இல்லாமல் படபடத்து விழுந்தால் வால்பக்கம் நகர்த்துங்கள்.

பறக்கவிடும் இடம் திடலாக இருக்கட்டும். மின்கம்பி அருகிலும், இடி முழங்கும் வேளையிலும் கூடவே கூடாது. கண்ணாடித் தூள் பூசிய நூல் கழுத்தை அறுக்கும்; மோட்டார் சைக்கிளில் வருபவருக்கு அது உயிராபத்து. கம்பியில் சிக்கிய பட்டத்தை எவ்வளவு பாடுபட்டுத் தைத்திருந்தாலும் அங்கேயே விட்டுவிட வேண்டும். கழி கொண்டு எடுக்கப் பிள்ளைகளை அனுப்பக் கூடாது.

மாலையில் இறக்கியதும் ஈரமிருந்தால் நிழலில் உலர்த்தி, குச்சிகளை உருவி, துணியைச் சுருட்டி வையுங்கள். மடித்தால் மடிப்புத் தடத்தில் தையல் இழுபடும்.