புவி அறிவியல் நூலகமா? பழசைக் கழிக்காதீர்கள்!

கல்குவாரிகளும் கிரஷர்களும் நிறைந்த கிணத்துக்கடவு வட்டாரத்தில் கல்லூரி நூலகராகச் சேர்ந்திருக்கிறீர்களா? பாறை, மண், நிலத்தடி நீர் என்று ஆய்வு மாணவர்கள் தேடி வருவார்கள். பதிப்பாளர் பட்டியலைப் பிரிக்கும் முன் இந்த ஐந்தையும் செய்யுங்கள்.

1. வரைபடத்தில் தொடங்குங்கள்

சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 டோப்போ ஷீட்டில் கிணத்துக்கடவு 58 எஃப்/1-இல் வருகிறது. 77 டிகிரி தீர்க்கரேகை ஊருக்குப் பக்கத்திலேயே போவதால், மேற்கே கொஞ்சம் நகர்ந்தாலே 58 பி/13. இரண்டும் வேண்டும். தாள்களை மடிக்காமல் தட்டையான இழுப்பறைகளில் வைத்து, தாள் எண்படியே அடுக்குங்கள்.

2. பழைய நூல்களைக் காப்பாற்றுங்கள்

கணினிப் புத்தகம் பத்து வருஷத்தில் கிழடாகிவிடும். பாறையைப் பற்றிய நல்ல விவரணை அப்படி ஆவதில்லை. நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டிப் பாறைகளை ஏ.பி. சுப்ரமணியம் 1956-லேயே விரிவாக எழுதிவிட்டார். சந்திரயான்-2 சோதனைகளுக்கு நிலவு மண்ணைப் போன்ற பொடி தேவைப்பட்டபோது இஸ்ரோ தேடி வந்தது அந்தப் பாறையைத்தான். சார்னோக்கைட் என்ற பாறை பற்றி ஹாலந்து எழுதிய 1900-ஆம் ஆண்டு இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவன (ஜி.எஸ்.ஐ.) நினைவேட்டுக்கும் இன்றுவரை வாசகர்கள் உண்டு.

3. இலவசமாகக் கிடைப்பதற்குக் காசு கொடுக்காதீர்கள்

ஜி.எஸ்.ஐ.யின் பூகோஷ் தளத்தில் நிலவியல் வரைபடத் தரவுகளும், சோத்கங்காவில் முனைவர் பட்ட ஆய்வேடுகளும் உண்டு. அரசுக் கல்லூரி என்றால், 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் என்னென்ன இதழ்கள் வருகின்றன என்று முதலில் பாருங்கள். அந்தத் திட்டத்துக்குள் வராத சுயநிதிக் கல்லூரி என்றால், 1959 முதல் வெளிவரும் இந்திய நிலவியல் சங்க இதழுக்கு முதலிடம் கொடுங்கள்.

4. உள்ளூர்ச் சரக்கைத் திரட்டுங்கள்

மாணவர் புராஜெக்ட் அறிக்கைகள், மத்திய நிலத்தடி நீர் வாரிய அறிக்கைகள், போர்வெல் போடும்போது எழுதிய ஆழக் குறிப்புகள் எல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்காதவை. ஒவ்வொன்றையும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையோடு பதிவு செய்யுங்கள். ஆய்வாளர் தலைப்பைவிட இடத்தை வைத்துத்தான் அதிகம் தேடுவார்.

5. க்யூஜிஐஎஸ் கற்றுக்கொள்ளுங்கள்

இது இலவச வரைபட மென்பொருள். மேலே சொன்ன உள்ளூர்ப் பதிவுகளை வரைபடத்தின் மேல் காட்டத் தெரிந்த நூலகரை எந்தத் துறையும் ஆய்வுக் குழுவில் சேர்த்துக்கொள்ளும். நேர்காணலிலும் அது தனியாகத் தெரியும்.

அடுத்த நூலகக் குழுக் கூட்டத்துக்கு, எந்த ஆய்வுக்கு எந்தத் தாளும் அறிக்கையும் உதவின என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோங்கள். நிதி கேட்க அதைவிட வலுவான விண்ணப்பம் கிடையாது.